சர்வர் நின்றுபோனது ஏன்: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

மதிப்பிற்குரிய வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

அண்மையில் எங்கள் சர்வர்களில் ஒன்று மூன்று முறை நின்றுபோய், உங்கள் தளங்கள் முடங்கியதற்கு வருந்துகிறோம். காரணம் தெரிந்துவிட்டது, அதைக் கண்டறிய ஏன் இத்தனை நாள் ஆயிற்று என்பதையும் சொல்லிவிடுவதே முறை.

ஒவ்வொரு முறையும் சர்வர் இயங்குதளத்தின் மையமான லினக்ஸ் கெர்னல், நினைவகம் தீர்ந்துவிட்டதென்று டேட்டாபேஸைத்தான் முதலில் நிறுத்தியது. ஆகவே அதன்மேல் ஐயம் கொண்டு நினைவகத்தை (ராம்) கூட்டினோம். சர்வர் சில நாள் தாமதித்து விழுந்தது, அவ்வளவே. நினைவகம் தீரும்போது எதை நிறுத்துவதென்று முடிவுசெய்யும் ஓஓஎம் கில்லர், பெரும்பாலும் மிகுதியான இடம் பிடித்திருக்கும் நிரலையே தேர்ந்தெடுக்கும். அதனால் அந்த நிரல்தான் குற்றவாளி என்றாகிவிடாது.

நிரலை நிறுத்தும்போது கெர்னல் பதிவேட்டில் எழுதியிருந்த, ஒவ்வொரு நிரலும் பிடித்திருந்த இடத்தின் பட்டியலைக் கூட்டிப் பார்த்தபோதுதான் விழித்துக்கொண்டோம். நிரல்கள் அனைத்தும் சேர்ந்து பிடித்திருந்த இடம் மொத்த நினைவகத்தில் பாதியைக்கூட எட்டவில்லை. மீதியில் பெரும்பகுதி, கெர்னல் தன் சொந்தத் தேவைக்காகச் சிறு துண்டுகளாக ஒதுக்கிக்கொள்ளும் ஸ்லாப் பகுதியில், அதிலும் திரும்பப் பெற இயலாத வகையில் கிடந்தது. (கோப்புப் பெயர்களுக்கான தற்காலிகச் சேமிப்பும் ஸ்லாப்பில்தான் இருக்கும், அது பெருத்தால் அஞ்ச வேண்டாம், நெருக்கடியில் கெர்னலே அதை விட்டுக்கொடுக்கும்.) எந்த நிரலை நிறுத்தினாலும் அந்த இடம் மீளாது என்பதால், ஒன்றன்பின் ஒன்றாக நிறுத்தி, நிறுத்துவதற்கு எதுவுமே இல்லாத நிலையில் கெர்னல் மேற்கொண்டு இயங்க இயலாமல் தானே நின்றுபோயிருக்கிறது (பானிக்).

ஸ்லாப் பயன்பாட்டைக் காட்டும் ஸ்லாப்டாப் கருவியில் 256 பைட் துண்டுகளுக்கான தொகுப்பு மட்டும் இறங்காமல் ஏறிக்கொண்டே இருந்தது. ஆனால் அது பலரும் பங்கிடும் பொதுத் தொகுப்பு. வாங்கியவர் யாரென்று அதில் தெரியாது. எனவே சோதனை சர்வரில், விடுவிக்கப்படாத கெர்னல் நினைவகத்தைத் தேடும் கெமெம்லீக் வசதியுள்ள கெர்னலை ஓட்டினோம். வேகம் குறையும் என்பதால் உங்கள் தளங்கள் இயங்கும் சர்வரில் அதைச் செய்யத் துணியவில்லை. கெமெம்லீக் 10 நிமிடத்துக்கு ஒரு முறை நினைவகத்தைத் துழாவி, யாரும் சுட்டாமல் அநாதையாகக் கிடக்கும் துண்டுகளையும், அவற்றை ஒதுக்கிய ஃபங்ஷன்களின் வரிசையையும் காட்டும். தவறாகக் காட்டுவதும் உண்டு. ஆயினும் எத்தனை முறை பார்த்தாலும் அதே நெட்வொர்க் டிரைவரே (நெட்வொர்க் கருவியை இயக்கும் கெர்னல் பகுதி) வந்து நின்றது. பிழை ஏற்பட்டுத் திரும்பும் ஒரு வழியில், வாங்கிய துண்டை அது விடுவிக்க மறந்திருந்தது.

டிரைவரை முந்தைய பதிப்புக்கு மாற்றியபின் அந்த 256 பைட் துண்டுகளின் எண்ணிக்கை அசையவில்லை. இனி மீளாத ஸ்லாப் ஏறினால் எங்களுக்கு உடனே எச்சரிக்கை வரும். கெர்னல் விழும் தருணத்தின் நினைவகத்தைச் சேமித்துவைக்கும் கேடம்ப்பையும் இயக்கியுள்ளோம். முதல் நாளே இதைச் செய்திருக்க வேண்டும்.

உங்களில் சிலரிடம் டேட்டாபேஸின் நினைவக அளவைக் குறைத்துக்கொள்ளுமாறு கேட்டிருந்தோம். அது தேவையற்ற வேண்டுகோள். பழைய அளவுக்கே மாற்றிக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
சர்வர் பராமரிப்புக் குழுவினர்