தனிச் சுற்றுக்குப் பணம் வாங்கிவிட்டுக் கூட்டத்தோடு அனுப்பியது குறித்துப் புகார்

பெறுநர்: மேலாளர், வெளிநாட்டுச் சுற்றுலாப் பிரிவு

பொருள்: புளோரன்ஸ் உஃபிஸி அருங்காட்சியகச் சுற்று – பணத்தைத் திருப்பித் தரக் கோருதல்

ஐயா, வணக்கம்.

போன மாதம் உங்கள் நிறுவனம் மூலமாக நானும் என் பெற்றோரும் இத்தாலி போய் வந்தோம். விமானம், ஓட்டல், ரயில் எதிலும் குறையில்லை. இந்தக் கடிதம் உஃபிஸியில் கழிந்த ஒரு காலைப் பொழுதைப் பற்றியது.

அப்பா அரசுப் பள்ளியில் 31 ஆண்டுகள் ஓவிய ஆசிரியராக இருந்தவர். போட்டிச்செல்லியின் ‘வீனஸின் பிறப்பு’ படத்தைக் காலண்டரிலிருந்து வெட்டி வகுப்பறைச் சுவரில் ஒட்டியிருந்தார். அதை நேரில் பார்க்கத்தான் இந்தப் பயணமே. அவருக்கு முழங்கால் வலி உண்டு, மெதுவாகத்தான் நடப்பார், நிறையக் கேள்வி கேட்பார். முன்பதிவின்போதே இதைச் சொன்னேன். அதற்கு உங்கள் ஊழியர் சொன்ன வழிதான் தனிச் சுற்று: எங்கள் மூவருக்கு மட்டும் ஒரு வழிகாட்டி, 3 மணி நேரம், மேலே போக லிஃப்ட். 36,000 ரூபாய் கட்டினோம். ரசீதில் ‘தனிச் சுற்று’ என்றே இருக்கிறது.

அங்கே போனால் 17 பேர் நிற்கிறார்கள். ஆளுக்கொரு ஹெட்போன் கொடுத்தார்கள். வழிகாட்டிப் பெண்மணி, தனக்கு வந்த பட்டியலில் எங்கள் பெயரும் குழுவோடுதான் இருக்கிறது என்று காட்டினார். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. உங்கள் அவசர எண்ணை நான்கு முறை அழைத்தும் யாரும் எடுக்கவில்லை. ஓவியங்கள் இருப்பது இரண்டாம் மாடியில். குழு படியேறியது, அப்பாவும் ஏறினார்.

ஒன்றேகால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது. உர்பினோ கோமகன், கோமகள் இருவரையும் பியரோ டெல்லா பிரான்செஸ்கா வரைந்த பலகைகளின் பின்புறத்திலும் ஓவியம் உண்டு. சுற்றி வந்து பார்க்கும்படிதான் வைத்திருக்கிறார்கள். எங்கள் குழு முன்பக்கத்தோடு நகர்ந்துவிட்டது. கோமகன் போட்டி ஒன்றில் வலக்கண்ணை இழந்தவர், அதனால்தான் முகத்தின் இடப்பக்கம் மட்டும் தெரிகிறது என்று அம்மாவுக்கு அப்பாதான் சொன்னார். அதற்குள் ஹெட்போனில் அடுத்த அறையின் விளக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

வீனஸ் முன்னால் கிடைத்தது நான்கு நிமிடம். அது துணியில் தீட்டியது. அதே ஓவியரின் ‘வசந்தம்’ மரப்பலகையில் தீட்டியது. இரண்டிலும் வண்ணம் எப்படிப் பிடித்திருக்கிறது என்று ஒப்பிட்டுக் கேட்க அப்பா ஒரு நோட்டில் கேள்விகள் எழுதிக்கொண்டு வந்திருந்தார். அந்த நோட்டைத் திறக்கவே முடியவில்லை.

‘சுற்று முடிந்தபின் நீங்களே இருந்து பார்த்திருக்கலாமே’ என்றார் உங்கள் ஊழியர், ஊர் திரும்பி நான் பேசியபோது. இருந்தோம். ஆனால் படியேறிய கால் வீங்கி, அப்பா பெரும்பாலும் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தார். 71 வயதில் அவரை இன்னொரு முறை கூட்டிப்போக எங்களுக்கு வசதியில்லை.

உங்கள் கட்டணப் பட்டியலில் குழுச் சுற்றுக்கு ஆளுக்கு 6,500 ரூபாய். மூவருக்கு 19,500 போக மீதி 16,500 ரூபாயை 15 நாட்களுக்குள் திருப்பித் தாருங்கள். எங்கள் பதிவைக் குழுவுக்கு மாற்றியது யார், ஏன் எங்களிடம் சொல்லவில்லை என்பதையும் எழுத்தில் தெரிவியுங்கள். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

அப்புறம் ஒன்று. அப்பாவின் நோட்டிலுள்ள 11 கேள்விகளை நகலெடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களுக்காக அங்கே வேலை செய்யும் வழிகாட்டி யாரிடமாவது கொடுத்துப் பதில் வாங்கி அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், கேள்விகள் 2 பக்கம்