12-ஆம் எண் கடிதம்

அன்புள்ள கிரேஸ்,

ஸ்தோத்திரம். உன் கடிதம் கிடைத்தது. மகளுக்குக் கல்யாணமாகி ஐந்தே மாதம், அதற்குள் மருமகனுக்கு லடாக் மாற்றல் என்றால் உனக்கு எப்படித் தூக்கம் வரும்? புதிதாகப் பெண் கொண்டவன் ஒரு வருஷம் படைக்குப் போகாமல் வீட்டிலிருந்து மனைவியை மகிழ்விக்க வேண்டும் என்கிறது உபாகமம் 24:5. மோசேயின் சட்டம் நம் ராணுவத்தில் செல்லாதே, என்ன செய்வது!

"ஜெபம் பண்ணுங்கள், எல்லாம் சரியாகிவிடும்" என்று சபையில் ஆளாளுக்குச் சொல்வார்கள். ஜெபம் வேண்டும்தான். 1997 குளிர்காலத்தில் இவர் அங்கே இருந்தபோது, இரவு ஒன்பது மணிக்கு இருவரும் ஒரே சங்கீதத்தை வாசிப்பது என்று பேசி வைத்திருந்தோம். சென்ட்ரி டியூட்டி இருந்தால் மனப்பாடமாகச் சொல்லிக்கொள்வாராம். ஆனாலும் எங்களுக்குப் புத்தி சொல்லித்தந்தவை இன்லண்ட் கடிதங்கள்தான்.

அப்போதெல்லாம் லடாக் போகிற வழியிலுள்ள சோஜி லா கணவாய் பனியில் மூடிவிட்டால், 56 ஏபிஓ என்கிற ராணுவத் தபாலும் விமானம் ஏறித்தான் போக வேண்டும். வானம் கெட்டால் கடிதங்கள் தேங்கி, முன்பின்னாக வந்து சேரும். அதனால் ஒவ்வொன்றின் தலையிலும் எண் போடுவோம். அந்த ஆண்டு மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. செலவுக்கு என் சங்கிலியை அடகு வைத்தேன். பனியில் நிற்கிற மனிதரை ஏன் கலங்கடிக்க வேண்டும் என்று எழுதவில்லை. லீவு முடிந்து திரும்பிய பக்கத்து ஊர்க்காரர் சொல்லிவிட்டார். எனக்கு வந்தது 13-ஆம் எண் கடிதம்: "முந்தினதில் கோபத்தில் எழுதியதை மன்னித்துவிடு. ஆனால் இனி மறைக்காதே. இருட்டில் நிற்கும்போது, நீ சொல்லாமல் விட்டது இன்னும் என்னென்னவோ என்று மனம் அலைகிறது."

உன் மகளிடம் இதை மட்டும் சொல். இப்போது கைபேசி இருக்கிறது. ஆனால் மேலே காவல் போஸ்டுக்கு ஏறிவிட்டால் அதுவும் நினைத்தபோது கிடைக்காது. சண்டை பாதியில் இருக்கும்போது லைன் அறுந்தால், அந்தப் பாதிச் சொல்லோடுதான் இரண்டு பேரும் படுக்கப் போக வேண்டும்.

லீவில் வரும்போது வேறொரு கூத்து. இவர் வந்த மூன்றாம் நாளே, என்னைக் கேட்காமல் ரப்பர் பால் வெட்டுகிறவருக்குக் கூலியை ஏற்றிவிட்டார். இரண்டு வருஷம் தோட்டத்தைப் பார்த்தவள் நான்! "அங்கே நீங்கள் ஹவில்தார், இங்கே ரெக்ரூட்" என்றேன். ஒரு நாள் முழுக்கப் பேசவில்லை. மறுநாள் கணக்கு நோட்டை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

அடுத்த மாதம் எங்கள் கோயிலில் அசன விருந்து. மகளையும் கூட்டிக்கொண்டு வா, இவரும் உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். அந்த 12-ஆம் கடிதம் இன்றுவரை வந்து சேரவில்லை. அதில் என்னதான் எழுதினீர்கள் என்று எத்தனை முறை கேட்டாலும், செய்தித்தாளை முகத்துக்கு நேரே தூக்கிக்கொள்கிறார்.

அன்புடன்,
எஸ்தர்