‘ரெஃபர்’ வினையின் லத்தீன் வேர்

ஆசிரியருக்கு,

வணக்கம். தங்கள் ஆங்கிலப் பயிற்சிப் பகுதி ‘ரெஃபர்’ என்ற வினைக்குக் குறிப்பிடு, பரிந்துரை, எடுத்துப் பார் என மூன்று பொருள்களைத் தந்தது. மூன்றுக்கும் வேர் ஒன்றே என்பதையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் மாணவர்களின் மனப்பாடச் சுமை குறைந்திருக்கும்.

லத்தீனில் ‘ஃபெர்ரே’ என்றால் சுமத்தல், கொண்டுசெல்லுதல். ‘ரெ’ என்பது ‘திரும்ப’. ஒன்றை உரிய இடத்துக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பதே ரெஃபர். முன்னொட்டை மாற்றினால் வேறு வினை பிறக்கும். ‘ட்ரான்ஸ்’ (அப்பால்) சேர்ந்தால் ட்ரான்ஸ்ஃபர். ‘ப்ரே’ (முன்னால்) சேர்ந்தால் ப்ரிஃபர். ‘சப்’ (அடியில்) சேர்ந்தால் சஃபர், அதாவது கீழே நின்று தாங்குதல்.

ஃபெர்ரே ஒழுங்கற்ற வினை. ஆங்கிலத்தில் ‘கோ’ இறந்தகாலத்தில் ‘வென்ட்’ ஆவதுபோல, இது ஃபெரோ, துலி, லாத்தும் என உருமாறும். ‘லாத்தும்’ வடிவமே ஆங்கிலத்தில் ‘லேட்’ ஆனது. அதனால்தான் ட்ரான்ஸ்ஃபரும் ட்ரான்ஸ்லேட்டும் ஒரே லத்தீன் வினையின் இரு வடிவங்கள். ரெஃபருக்கு ரிலேட், கன்ஃபருக்குக் கொலேட் என்பவையும் அப்படியே.

மாணவர்கள் அதிகம் தடுமாறுவது ‘டிஃபர்’ என்னும் இரட்டையரிடம். வேறுபடு என்பதற்கு ‘ஐ’யும் இரண்டு ‘எஃப்’பும், ஒத்திவை என்பதற்கு ‘இ’யும் ஒரே ‘எஃப்’பும். இரண்டும் லத்தீன் ‘டிஃபெர்ரே’தான்: பிரித்துக் கொண்டுசெல், தள்ளிப் போடு. ஆங்கிலம் அவற்றை அழுத்தத்தால் பிரித்தது. முதலாவதில் அழுத்தம் முதல் அசையில், இரண்டாவதில் கடைசி அசையில். (பணிந்து விட்டுக்கொடு என்னும் பொருளுள்ள டிஃபர் மட்டும் ‘தேஃபெர்ரே’ என்ற வேறு வினையிலிருந்து வந்தது.)

எழுத்துக்கூட்டலும் இந்த அழுத்தத்தையே பின்பற்றுகிறது. கடைசி அசை அழுத்தம் பெற்றால் இறந்தகாலத்தில் ‘ஆர்’ இரட்டிக்கும்: ரெஃபர்ட், ப்ரிஃபர்ட், ஒத்திவைத்தலின் டிஃபர்ட். முதல் அசை பெற்றால் ஒரே ‘ஆர்’: ஆஃபர்ட், சஃபர்ட், வேறுபடுதலின் டிஃபர்ட். ரெஃபரல் சொல்லில் இரண்டு ‘ஆர்’. ரெஃபரன்ஸில் அழுத்தம் முதலசைக்கு நகர்வதால் ஒன்றே. இங்கே இரண்டு போடுவதுதான் விடைத்தாள்களில் மலிந்த பிழை. ‘இரட்டிக்கும்’ என்ற விதியை மட்டும் கற்பித்து, அழுத்தத்தை வாய்விட்டுச் சொல்லிக் காட்டாததே காரணம்.

ஆய்வு நூல்களின் அடிக்குறிப்பில் வரும் ‘சி.எஃப்.’ என்பதும் இக்குடும்பமே. ‘கொன்ஃபெர்’ என்ற ஏவல் வினையின் சுருக்கம் அது; பொருள் ‘ஒப்பிடு’. பலர் அதைக் ‘காண்க’ என்று கொள்கிறார்கள். நம் உரைநூல்களின் ‘ஒ.நோ.’ (ஒப்பு நோக்குக)தான் அதற்குச் சரியான இணை.

இப்படிக்கு,
ஆங்கில இலக்கண ஆசிரியர் ஒருவர்