அண்ணா நகருக்கும் வரலாறு உண்டு, தம்பி

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் நலம். அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஏறியிருக்கிறது. ஆனால் நடையை விடவில்லை.

'தாத்தா பாட்டி இருக்கும் இடம்' என்று பேத்தி பள்ளிக்கூடத்துக்கு ஏதோ எழுதவேண்டுமாமே. நீ அவளிடம், "அண்ணா நகருக்கு என்ன வரலாறு இருக்கு, மயிலாப்பூரைப் பத்தி எழுது" என்று சொன்னாயாம். உன் மனைவி சொன்னாள். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். கோபுரமும் தெப்பக்குளமும் இருந்தால்தான் வரலாறா? நம் இடத்தின் வரலாறு சின்னது, அவ்வளவுதான். அதைத் தொடக்கத்திலிருந்து பார்த்தவர்கள் இன்னும் தினமும் காலையில் டவர் பார்க்கைச் சுற்றி வருகிறார்கள். மயிலாப்பூரில் அப்படி ஒருவரைக் காட்டு, பார்க்கலாம்!

டவரிலிருந்தே ஆரம்பிக்கட்டும். நீங்கள் எல்லாம் அது பூங்காவுக்காகக் கட்டியது என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். 1968 ஜனவரியில் இங்கே ஒரு பெரிய சர்வதேச வர்த்தகக் கண்காட்சி நடந்தது. கோபுரம் அதற்காக எழுப்பியதுதான். அப்போது துணைக் குடியரசுத் தலைவராக இருந்த வி.வி. கிரி திறந்து வைத்தார். 135 அடி, 12 அடுக்கு. விசுவேசுவரய்யா பெயர் வைத்தார்கள், ஆனால் அந்தப் பெயரை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. மெட்ராஸே திரண்டு வந்து கண்காட்சியைப் பார்த்ததாக அப்பா சொல்வார். கூட்டம் போனபிறகு டவர் நின்றது. அப்போது முதலமைச்சராக இருந்த அண்ணாவின் பெயர் இந்த இடத்துக்கு நிலைத்தது. அடுத்த ஆண்டு பிப்ரவரியில் அவர் போய்விட்டார்.

சுற்றிலும் வீட்டு வசதி வாரியம் மனை பிரித்து, வீடு கட்டி, விண்ணப்பித்தவர்களுக்குக் குலுக்கல் போட்டு ஒதுக்கியது. எங்களுக்குக் கிடைத்தது நடுத்தர வருமானக்காரர்களுக்கான பிரிவில். தவணை கட்டி முடித்து விற்பனைப் பத்திரம் கைக்கு வரும்போது நீ கல்லூரிக்குப் போக ஆரம்பித்திருந்தாய்.

இதைப் பேத்திக்குப் புரியும்படி சொல். பழைய ஊர்களில் யார் எந்தத் தெருவில் இருக்கலாம் என்பது பிறப்பிலேயே முடிவாகிவிடும். எங்கள் ஊரில் அப்படித்தான் இருந்தது, அதைப் பற்றி எனக்குப் பெருமை ஒன்றும் இல்லை. இங்கே சம்பளமும் குலுக்கலும் முடிவு செய்தன. பக்கத்து வீட்டில் நாகர்கோவில், எதிர் வீட்டில் பாலக்காடு, பின்னால் நெல்லூர்க்காரர்கள். யாருக்கும் யாருடைய தாத்தாவையும் தெரியாது. தெருக்களுக்கும் ஆள் பெயரோ சாதிப் பெயரோ இல்லை. இரண்டாவது அவென்யூ, மூன்றாவது அவென்யூ, டபிள்யூ பிளாக், ஏஎச் பிளாக். ஆபீஸ் ஃபைல் மாதிரி இருக்கிறது என்று உன் மாமா கேலி செய்வார். எனக்கு அந்த எண்கள் நிம்மதியாக இருந்தன. முதல் வருடம் முழுக்க இருட்டும் கொசுவும்தான், ஆட்டோக்காரர்கள் "அவ்ளோ தூரமா" என்பார்கள். ஆனால் யாரும் என்னைப் பார்த்து 'இன்னார் வீட்டுப் பெண் இப்படிச் செய்யலாமா' என்று கேட்டதில்லை. நான் வேலைக்குப் போனதும், சைக்கிள் கற்றுக்கொண்டதும் இந்த ஊரால்தான் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ரோடு அகலமாகப் போட்டதைச் சொல்ல மறந்துவிட்டேன். நிழலுக்கு மரமும் வைத்தார்கள். அந்த அகலம்தான் இன்றைக்கு வினையாகியிருக்கிறது. அகலமான ரோடு என்றால் கடை வரும். இரண்டாவது அவென்யூவில் வீடாக இருந்ததெல்லாம் துணிக்கடை, ஓட்டல். ஒரு கிரவுண்டு மனையில் ஒரு குடும்பம் இருந்த இடத்தில் எட்டு குடும்பம் இருக்கிறது. கார் நிறுத்தச் சண்டை வேறு.

அப்புறம் இந்த ஐஏஎஸ் பயிற்சி மையங்கள். தென்காசி, தருமபுரி என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் வந்து மாடி அறைகளில் தங்கிப் படிக்கிறார்கள். ராத்திரி பதினோரு மணிக்கும் டீக்கடையில் அரசியலமைப்புச் சட்டத்தைப் பற்றி வாதாடுவார்கள். பழைய ஆட்கள் இரைச்சல் என்று முணுமுணுக்கிறார்கள். எனக்குப் பிடித்திருக்கிறது. நாங்களும் ஒருநாள் யாரையும் தெரியாமல் பெட்டியோடு வந்து இறங்கியவர்கள்தானே.

தேதி கேட்டால் இவற்றைக் கொடு. நம் ஊர் நுழைவாயிலில் நிற்கும் ஆர்ச் அண்ணாவின் பவளவிழாவுக்காகக் கட்டியது, 1986-இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 2012-இல் மேம்பாலத்துக்காக அதை இடிக்கத் தொடங்கி, பிறகு மனம் மாறி நிறுத்திவிட்டார்கள். கலைஞர் 1977-லும் 1980-லும் நம் தொகுதியில்தான் ஜெயித்தார். மெட்ரோ 2017 மே மாதம் வந்தது. சென்னையில் பூமிக்கடியில் ஓடிய முதல் தடமே திருமங்கலத்திலிருந்து நேரு பூங்கா வரை ஓடியதுதான். அதற்கு முன்னாலேயே நமக்கு ஒரு ரயில் இருந்தது தெரியுமா? 2003-இல் வில்லிவாக்கம் பக்கத்திலிருந்து ஒரு கிளைப் பாதையில் அண்ணா நகர் வரை பயணிகள் ரயில் விட்டார்கள். ஏற ஆளில்லை. பாடி மேம்பால வேலையின்போது, 2007-இல் நிறுத்தியது நிறுத்தியதுதான். டவரையும் 2011-இல் பூட்டினார்கள். மேலேயிருந்து குதித்து உயிரை விட்டவர்கள் இருந்தார்கள், அதைப் பேத்தியிடம் சொல்லவேண்டாம். 2023-இல் கம்பித் தடுப்பு போட்டுத் திறந்தார்கள். அப்பா மூட்டு வலியோடு கடைசி அடுக்குவரை ஏறிவிட்டு வந்து இரண்டு நாள் படுத்திருந்தார்.

இன்னும் ஒன்று. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டி எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். வாரியம் மனை பிரிப்பதற்கு முன்னால் இது வெறும் பொட்டல் இல்லை. நடுவங்கரை என்ற ஊர் இங்கே இருந்தது, இப்போதும் இருக்கிறது. அவென்யூக்களின் நேர்கோட்டுக்கு அடங்காமல் தெருக்கள் வளைந்து குறுகுமே, அங்கே. நீ சின்னவனாக இருந்தபோது உன்னைத் தூக்கி வளர்த்த ஆயா அந்த ஊர்தான். இன்றைக்குக் கடைகள் இருக்கும் இடத்தில் அவர் மாமனார் பயிர் செய்தாராம். ஒருநாள் பாத்திரம் துலக்கிக்கொண்டே, ஏதோ வானிலை சொல்வது போலச் சொன்னார். எனக்கு என்ன பதில் சொல்வது என்று தெரியவில்லை. குலுக்கல் எங்களையெல்லாம் சமமாக்கியது என்று மேலே பெருமையாக எழுதினேன் அல்லவா? அந்தக் குலுக்கலில் அவர்கள் பெயர் இல்லை.

படம் வேண்டுமென்றால் அப்பாவை எடுத்து அனுப்பச் சொல்கிறேன். எதை எழுதுவது, எதை விடுவது என்பதைப் பேத்தியே முடிவு செய்யட்டும். நடுவங்கரைக்கு மட்டும் இரண்டு வரியாவது கொடுக்கச் சொல்.

அன்புடன்,
அம்மா