வண்டிக்கு அடீல இருந்தவனோட நன்றிங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க. இன்னையோட 11 நாளாச்சு, மல்லாக்கப் படுத்துட்டு ஒத்தக் கையில தட்டீட்டு இருக்கறேன், எழுத்து தப்பா இருந்தா கண்டுக்காதீங்க. அன்னைக்கு என்ன நடந்துச்சுன்னு பொழுது சாயறதுக்குள்ளயே வாட்சப்புல ஊர் பூராம் சுத்தி வந்துருச்சு, ஆளுக்கொரு வீடியோ வேற, அதனால அந்தக் கதைய நீட்டி மறுக்கா சொல்லல, வெளையாட்டுக்குப் பாறை மேல ஏத்துன என் ஜிப்ஸி ஜீப்பு சாஞ்சு காலு அடீல மாட்டிக்கிச்சு, அவ்வளவுதான். காலு இருக்குது. உள்ள கம்பி வெச்சிருக்கறாங்க, இப்போதைக்கு ஊனக்கூடாதுன்னு சொல்லிருக்கறாங்க, ஆனா இருக்குதுங்க.

நன்றி சொல்லோணும்னு ஒக்காந்தா மொதல்ல ஞாபகம் வர்றது டாக்டரும் இல்ல, வின்ச் போட்டு வண்டிய இழுத்துத் தூக்குன பசங்களும் இல்ல, கோவிச்சுக்காதீங்கப்பா. அந்த ஆடு மேச்ச அமுச்சிதான். பேரு கூட கேட்டு வெக்கல.

காலைல நாங்க வண்டிய லாரில இருந்து எறக்கறப்பவே அவங்க அக்கட்டால வேலாமரத்துக்கு அடீல நின்னு பாத்துட்டு இருந்தாங்க. டயர்ல காத்த 12 பிஎஸ்ஐக்கு எறக்கி, ஃபோர் லோவுல, அதான் நாலு சக்கரமும் மெதுவா இழுக்கற கியர்ல போட்டு, கீழ ஒருத்தன் நின்னு லெஃப்ட்டு ரைட்டுன்னு கை காட்ட, ஒரு முழம் ஏறறதுக்கு பத்து நிமிசம் உருட்டீட்டு இருந்தோம். பாத்து பாத்து சலிச்சுப்போயி கிட்ட வந்து, "ஏங் கண்ணு, அந்தப்பக்கமா நல்ல தடம் இருக்குதே, ஏன் பாறை மேல ஏத்தறீங்க"ன்னு கேட்டாங்க. இதுதான் அமுச்சி வெளையாட்டேன்னு ஒருத்தன் சொன்னான். அவங்க ஒண்ணும் பேசல, மேல கைய காட்டுனாங்க, அவங்க ஆடு ஒண்ணு உச்சில நின்னு எங்களப் பாத்து அச போட்டுட்டு இருந்துச்சு. அந்தச் சிரிப்பு அடங்கி ஒரு மணி நேரங்கூட ஆகலீங்க.

இனி சொல்லப்போறது அந்த வீடியோ எதுலயும் வராதது. நான் கீழ கெடக்கறேன், நெனவு நல்லா இருக்குது, சுத்தி எல்லாரும் கத்தீட்டு ஓடறாங்க, அப்ப என் போன் அடிக்குது. வண்டி சாஞ்சப்ப பாக்கெட்ல இருந்து தெறிச்சு ஒரு பத்தடி தள்ளிக் கெடக்குது. அது அம்மாவோட ரிங்டோன். ஞாயித்துக்கெழமன்னா சரியா ஒரு மணிக்கு, சோறு உண்டாச்சான்னு கேக்க கூப்புடுவாங்க, எடுக்கலைன்னா எடுக்கற வரைக்கும் கூப்புடுவாங்க. போன வருசந்தான் அவங்களுக்கு ஸ்டென்ட் வெச்சது. நெசமா சொல்றனுங்க, காலு வலிச்சத விட அந்தச் சத்தந்தான் என்னைய கொன்னுது. நின்னுது, மறுபடி அடிச்சுது, நின்னுது, மறுபடி. பசங்க எவனுக்கும் அது காதுலயே விழுகல.

அமுச்சி போயி எடுத்தாங்க. இப்படி தேச்சு எடுக்கற போன் அவங்களுக்குப் பழக்கமில்ல போல, அங்க இங்க அமுக்கிப்போட்டு எப்படியோ எடுத்துட்டாங்க. அவங்க பேசுனது ஒவ்வொரு வார்த்தையும் இப்பவும் காதுல இருக்குது.

"ஆருங்... அம்மாவா? பையனுங்களா, வண்டிக்கு அடீல இருக்கறானுங் அம்மணி. கையெல்லாம் மசை, அதான் நான் எடுத்தேன். ஆமா ஆமா, ஏழெட்டுப் பேரு கூட இருக்கறாங்க. சோறா, இன்னும் உங்குலீங். நான் பாத்துக்கறேன், நீ வெசனப்படாத."

குரல்ல ஒரு நடுக்கம் இல்லீங்க. கூப்புட்டு ஆடு ஓட்டற அதே குரலு. அப்பறம் போன முந்தானைல முடிஞ்சுக்கிட்டு என் தலைமாட்டுல வந்து ஒக்காந்துட்டாங்க, வண்டிய தூக்கற வரைக்கும் எந்திரிக்கல.

இதுல ஒரு வார்த்தை பொய்யி இருக்குதான்னு அப்பறம் ஆஸ்பத்திரில படுத்துட்டு ரோசன பண்ணிப் பாத்தேன். இல்ல. ஜிப்ஸி வாங்குன நாள்ல இருந்து அம்மா எப்பக் கூப்புட்டாலும் நான் வண்டிக்கு அடீலதான் இருப்பேன், கையில கிரீஸ் மசைதான் இருக்கும். அதனால அம்மா சரின்னு வெச்சுட்டாங்க. ஆப்பரேசன் முடிஞ்சு, பெரியப்பா பக்குவமா கிட்ட ஒக்காந்து சொல்றதுக்கு ஆறு மணி நேரம் கெடச்சுது. அந்த ஆறு மணி நேரத்த எங்களுக்கு வேற யாரும் குடுத்திருக்க முடியாதுங்க.

இன்னொண்ணும் இருக்குது. 108 வந்து ஸ்ட்ரெச்சர்ல ஏத்தறப்ப அமுச்சி தூக்குப்போசியத் தெறந்து ஒரு கை மோர்சோத்த எடுத்துட்டு வந்துட்டாங்க. வாய்ல எதும் குடுக்கக் கூடாதுங்க ஆப்பரேசன் இருக்கும்னு அந்தத் தம்பி தடுத்துட்டாரு. அவரு சொன்னது சரிதான். அமுச்சி மூஞ்சிதான் விழுந்துபோச்சு, "அவங்கம்மாகிட்ட பாத்துக்கறேன்னு சொல்லிப்போட்டனே"ன்னு கையில சோத்தோட நின்னாங்க.

மத்தவங்க எல்லாத்துக்கும் சேத்தி ஒரே கும்புடுங்க. கட்டறதுக்கு ஒரு மரமில்லாத பாறைல மஹிந்திரா தார் வண்டியவே நங்கூரமா நிறுத்தி ஸ்நாட்ச் ப்ளாக்குங்கற கப்பியப் போட்டு இழுத்த பசங்க, கேபிள் அறுந்தா சாட்டையாட்டம் அடிக்கும்னு அது மேல தன்ற புது பவானி ஜமுக்காளத்த மடிச்சுப் போட்ட அண்ணன் (அது இப்ப கிரீஸ் துணிங்க, மன்னிச்சுக்குங்க), வண்டி மறுபடி உக்காராம இருக்க வேலில இருந்து நாலு கல்லுக்கால புடுங்கி அண்ட குடுத்த தோட்டத்துக்காரரு, பெருந்துறை ரோட்டுல வழிவிட்ட லாரிக்காரங்க, ரத்தம் குடுத்த ஒம்பது பேரு, ராத்திரில காலு எரியுதுன்னா மொகஞ்சுளிக்காம வந்த நர்ஸக்கா. ஒருத்தர விட்டிருந்தாலும் மறந்து விட்டதுதானுங்க.

இனிமே ஏத்த மாட்டேன்னு சத்தியம் பண்ணச் சொல்லி வீட்ல கேட்டாங்க. பண்ணலீங்க, பண்ணுனா அது பொய்யி, அமுச்சி சொன்ன மாதிரி கூட இருக்காது. ஆனா ஸ்ப்ரிங்க ஆக்ஸில் மேல தூக்கி வெச்சு ஒசரம் பண்ணேன் பாருங்க, பாக்க கெத்தா இருக்குதுன்னு, அத எறக்கச் சொல்லியாச்சு. ஒசரம் ஏற ஏற வண்டி சாயத்தான் பாக்கும்னு பட்டறை அண்ணன் அப்பவே சொன்னாரு, கேக்கல. ரோல் கேஜ், அதான் வண்டி கவுந்தா ஆள் நசுங்காம காக்கற கம்பிக்கூண்டு, அது இல்லாம இனி ஒரு கல்லு கூட ஏற மாட்டேன். வண்டி சாஞ்சா கையி காலு வெளிய போகாம கதவுக்கு வலையும் போடறேன். பெல்ட்டு போட்டிருந்ததாலதான் இதையாவது தட்டீட்டு இருக்கறேன்.

அம்மா மொத ரெண்டு நாள் பேசவே இல்ல, எல்லாருஞ் சேந்து எங்கிட்ட மறச்சுப்போட்டீங்கன்னு. மூணாம் நாள் கஞ்சி குடுத்துட்டு இருக்கறப்ப, "அந்தம்மாவுக்கு எத்தன ஆடு இருக்கும்"னு கேட்டாங்க. எண்ணலைன்னேன். "போறப்ப எண்ணிப் பாக்கலாம்"னாங்க.

தோட்டத்துக்கார அண்ணா, காலு ஊனச் சொன்னதும் ஒரு ஞாயித்துக்கெழம வர்றோமுங்க, புடுங்குன நாலு கல்லுக்காலையும் பசங்கள வெச்சு நட்டுக் குடுத்துடறோம். அம்மாவும் வர்றாங்க. சென்னிமலை பஸ்ஸுல வந்து எறங்கி, அங்கிருந்து ஆட்டோவுல. அமுச்சிய மட்டும் சித்த சொல்லி வெய்ங்க, தூக்குப்போசில ஒரு கை சோறு எச்சா போட்டுட்டு வரச் சொல்லி.