கெராச்சுட் கடற்கரை அண்ணனுக்கு நன்றி

பினாங்கு தேசியப் பூங்காவின் கெராச்சுட் கடற்கரையில், பறக்கவிருந்த எங்கள் கூடாரத்தைக் கட்டிக்கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன அண்ணனுக்கு நன்றி. மணலில் முளைக்குச்சி பிடிக்காது. காற்று இழுத்தால் வழுக்கி வெளியே வந்துவிடும். அவர் காட்டியபடி பையில் மணல் நிரப்பி, கயிற்றை அதில் கட்டி, ஒன்றரை அடி ஆழத்தில் புதைத்து மிதித்தால் அசையாது. சாப்பாட்டை இறுக மூடிய டப்பாவில் வைக்கவேண்டும். வாசம் வெளியே வந்தால் குரங்கு கூடாரத் துணியையே கிழிக்கும். (கண்ணைச் சுற்றி வெள்ளை வளையமுள்ள லங்கூர் என்ற குரங்கு சாது, தளிர் தின்பதோடு சரி. வம்பெல்லாம் நீள்வால் குரங்கிடம்தான்.) ஆமை முட்டையிடக் கரையேறும் இடம் அது. டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டித் தந்தாரே, அதற்குத் தனி நன்றி. வெள்ளை வெளிச்சம் பட்டால் ஆமை முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பக்கூடும். அந்தத் தாள் எங்களிடமே தங்கிவிட்டது, அண்ணே.