புயலுக்குப் பின் எண்ணிக்கை சொல்லாதது

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். உங்கள் கடிதம் கிடைத்தது. உடல்நலம் தேறி மீண்டும் படிக்கத் தொடங்கிவிட்டீர்கள் என்பதில் மிகுந்த மகிழ்ச்சி. புயலில் பாதியாகக் குறைந்த தீவுப் பறவைகள் சில ஆண்டுகளில் பெருகிவிட்டால் அதன்பின் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டிருந்தீர்களே, அந்தக் கேள்வி என்னை இத்தனை நாளும் விடவில்லை.

கரீபியன் தீவான புவேர்ட்டோ ரிக்கோவின் கிளியையே எடுத்துக்கொள்ளுங்கள். 1975இல் காட்டில் 13 மட்டுமே எஞ்சியிருந்த அந்த இனம் மெல்ல மெல்ல 47 வரை ஏறியிருந்த வேளையில், 1989 செப்டம்பரில் வீசிய ஹியூகோ சூறாவளி அதை ஏறத்தாழப் பாதியாக்கியது. பிறகு எண்ணிக்கை ஏறத்தான் செய்தது. ஆனால் ஒன்றிரண்டு பறவைகளிடம் மட்டும் இருந்த அரிய மரபணு வடிவங்கள், அப்பறவைகள் மடிந்தபோதே அடியோடு போய்விடுகின்றன; எஞ்சியவை எத்தனை குஞ்சு பொரித்தாலும் அவை திரும்புவதில்லை. இழப்பு அத்துடன் நிற்பதும் இல்லை. இனம்பெருக்குபவை பத்து மட்டுமே என்றால், மிச்சமிருக்கும் மரபணு வேறுபாட்டிலும் தலைமுறைக்கு 5 விழுக்காடு கரைகிறது. ஐம்பது என்றால் 1 விழுக்காடுதான். ஆகவே எத்தனை பிழைத்தன என்பதோடு, எத்தனை தலைமுறை சிறு கூட்டமாகவே கிடந்தன என்பதையும் கேட்டாக வேண்டும்.

வலியவை பிழைக்கும், அதுவும் நன்மைதானே என்பீர்கள். அதற்கும் சான்று உண்டு. அதே வட்டாரத்து டர்க்ஸ் கைகோஸ் தீவுகளில் 2017ஆம் ஆண்டு இர்மா, மரியா சூறாவளிகளுக்கு முன்னும் பின்னும் அனோல் பல்லிகளை அளந்தவர்கள், பிழைத்தவற்றின் விரல்களுக்கு அடியில் பற்றிக்கொள்ள உதவும் திண்டுகள் பெரியவையாக இருந்ததைக் கண்டார்கள். கிளையை இறுகப் பற்றியவை தப்பின போலும். ஆனால் அந்தப் பல்லி அருகிவரும் இனம் அன்று. கூட்டம் சிறுத்துவிட்டால், எது தப்பும் என்பதைத் தகுதியைவிடத் தற்செயலே பெரிதும் முடிவு செய்கிறது.

புயல் ஓர் இனத்துக்குத் தீங்கு செய்ய இன்னொரு வழியும் இருக்கிறது; இதை நான் எதிர்பார்க்கவில்லை. மரியாவுக்குப் பின் டொமினிக்கா என்னும் கரீபியன் தீவுக்கு வந்த நிவாரணச் சரக்குகளோடு பச்சை இகுவானா என்ற அயல்நாட்டுப் பெரிய ஓணானும் வந்திறங்கியது. அது அங்குள்ள அரிய உள்ளூர் இகுவானாவோடு கலந்து இனம்பெருக்கக் கூடியது. இங்கே ஆபத்து குறைவிலிருந்து வரவில்லை, கலப்பிலிருந்து வருகிறது.

கிளிக்கே திரும்பி வருகிறேன். அதே மரியா, புவேர்ட்டோ ரிக்கோவின் கிழக்கே எல் யுன்கே காட்டில் இருந்த கூட்டத்தைக் கிட்டத்தட்ட முழுவதுமாக அழித்தது. ஆயினும் மேற்குப் பக்கம் ரியோ அபாஹோ காட்டில் 2006 முதல் கூண்டில் வளர்த்து விடப்பட்டுவந்த கூட்டத்தில் பல தப்பின. வளர்ப்புக் கூண்டுகளில் இருந்தவையும் பிழைத்தன. ஒரே காட்டில் எல்லாவற்றையும் வைத்திருந்தால் அன்றே அந்த இனத்தின் கணக்கு முடிந்திருக்கும்.

மொரிசியஸ் வல்லூறைப் பற்றியும் எழுத நினைத்தேன். கை வலிக்கிறது, அடுத்த கடிதத்தில் பார்ப்போம். வேளாவேளைக்கு மருந்து எடுத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்